வாய்ப்புற்று மருத்துவ ஆய்வில் அம்மாவைச் சேர்க்க ஒரு பிளாக்குக்காக அலைந்த அனுபவம்

அம்மாவுக்கு நாக்கின் ஓரத்தில் வந்த புற்றை அறுவை சிகிச்சையில் நல்லபடியாக அகற்றிவிட்டார்கள். கழுத்தில் கையால் தொட்டுப் பார்த்தபோது எந்தக் கணுவும் தட்டுப்படவில்லை என்றாலும், அதே அறுவையில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். எடுத்தவற்றுள் ஒன்றில் நோய் பரவியிருந்தது. இப்படி முன்கூட்டியே எடுப்பது ஏன் என்று கேட்டபோது, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வை மருத்துவர் சுட்டிக்காட்டினார். கணுக்களை முதலிலேயே எடுத்துக்கொண்டவர்களில் மூன்றாண்டு முடிவில் 80 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள் என்றும், கணு தென்பட்ட பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 விழுக்காடாக இருந்தது என்றும் அதில் தெரியவந்ததாம். முன்பின் தெரியாத யாரோ சிலர் அந்த ஆய்வுக்குச் சம்மதித்ததன் பலன் தமக்குக் கிடைத்தது என்பது அம்மாவின் மனத்தில் தைத்துவிட்டது. ஆகவே, கதிர்வீச்சுக்காகச் சென்ற வேறொரு மருத்துவமனையில், வழக்கமான சிகிச்சையோடு நோயெதிர்ப்பு மருந்து ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டபோது அவர் தயங்கவே இல்லை.

ஆய்வில் சேர அவர்கள் கேட்டது, அறுவையில் எடுத்த திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக். எங்கள் கையில், அதே திசுவை மெல்லியதாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளான ஸ்லைடுகள்தாம் இருந்தன. ஸ்லைடுகள் முன்பே சாயமேற்றப்பட்டவை. நோயெதிர்ப்பு மருந்துக்குரிய பிடி-எல்1 என்ற புரதத்தைப் பார்க்கும் சோதனைக்குப் பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி எடுத்தாக வேண்டும். இதற்கிடையில் அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்பதால், ஒவ்வொரு நாள் தாமதமும் எங்களை உறுத்தியது.

அறுவை நடந்த மருத்துவமனையில் திசுக்களைச் சோதிக்கும் பேத்தாலஜி பிரிவில் இருந்த எழுத்தர், "ஸ்லைடு கொடுத்தாயிற்றே, அப்புறம் எதற்குப் பிளாக்?" என்றார். விளக்கியதும், நோயாளியே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார். மூக்குவழிக் குழாயில் உணவு எடுத்துக்கொண்டிருந்த, பேசவும் முடியாத அம்மாவை எப்படி அழைத்து வருவது? அம்மாவின் அதிகாரக் கடிதத்தோடு போனபோது, கேட்கும் மருத்துவமனையின் கடிதமும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். இரண்டு தாள்களையும் முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரு பயணமாவது மிஞ்சியிருக்கும். ஒருவழியாகக் கிடைத்த பிளாக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சில நாள் கழித்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, "இதில் கட்டியே இல்லையே" என்கிறார். எழுத்தர் எடுத்துக் கொடுத்தது அறுவை விளிம்பின், அதாவது கட்டியைச் சுற்றி வெட்டிய ஓரத் திசுவின் பிளாக். விளிம்பில் நோய் இல்லை என்பது எங்களுக்கு நல்ல செய்திதான் என்றாலும், அந்தச் சோதனைக்கு அது பயன்படாது.

ஒரே அறுவையிலிருந்து கட்டி, விளிம்பு, கணு எனப் பல பிளாக்குகள் செய்யப்படுகின்றன. எது எதற்குரியது என்பது பேத்தாலஜி அறிக்கையில் எண்களோடு இருக்கும். கடிதத்தில் "பிளாக் தேவை" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். கட்டி அதிகமாக உள்ள பிளாக்கை அதன் எண்ணோடு குறிப்பிடச் சொல்லுங்கள். அடுத்த முறை நான் எழுத்தரிடம் நிற்காமல் பேத்தாலஜி மருத்துவரையே காத்திருந்து பார்த்தேன். அவர் ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உரிய பிளாக்கின் எண்ணைக் குறித்துக் கொடுக்கச் சில நிமிடங்களே ஆயின. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை வைத்துவிட வேண்டாம், மெழுகு இளகிவிடும் என்று எச்சரித்தவரும் அவர்தான்.

அவரிடமே இன்னொரு குறையையும் சரிசெய்துகொண்டேன். கணுவில் பரவல் உண்டு என்று எழுதியிருந்த அறிக்கை, அது கணுவின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை. ஆய்வில் சேரும் தகுதி மட்டுமன்றி, கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைத் தருவதா இல்லையா என்பதும் பெரும்பாலும் இந்த ஒரு வரியைப் பொறுத்தது. உறையைத் தாண்டியவர்களுக்கும், அறுவை விளிம்பில் நோய் எஞ்சியவர்களுக்கும் அந்த மருந்தைச் சேர்ப்பது பயன் தருகிறது என்பது 2004-இல் வெளியான இரு ஆய்வுகளிலிருந்து தெரிந்த செய்தி. கூடுதல் அறிக்கை எழுதித் தரும்படி கேட்டேன்; மறுநாளே கிடைத்தது. கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது என்பது மில்லிமீட்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்: நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று வகுக்க 2018 முதல் நடைமுறையிலுள்ள நிலைப்பகுப்பில் 5 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் எல்லைக்கோடுகள்.

ஆய்வுப் படிவம் நிரப்பும்போது நடந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. "புகையிலை உண்டா, மது உண்டா" என்று கேட்டு, இரண்டுக்கும் "இல்லை" என்று குறித்துவிட்டுச் செவிலியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அம்மா பல ஆண்டுகளாகப் புகையிலை சேர்க்காத வெறும் பாக்கு மென்றவர். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை பாக்கையே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளாக 2004-இல் வகைப்படுத்திவிட்டது. காரணங்களை ஆராயும் படிவத்தில் அதற்கொரு கட்டம்கூட இல்லையென்றால், என் அம்மா காரணமே இல்லாமல் நோய் வந்தவராகத்தான் கணக்கில் ஏறுவார். வற்புறுத்தி ஓரத்தில் எழுத வைத்தேன். உங்களிடம் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

பல் பரிசோதனையையும் செவித்திறன் சோதனையையும் பிளாக் வரும்வரை ஒத்திப்போடாமல் முடித்துக்கொண்டது நல்லதாயிற்று. கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. முன்பே பிடுங்கினாலும் புண் ஆற ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால், தொடக்க நிலை என்ன என்பது பதிவாகியிருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க அனுமதித்தார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் என்ற வரிகளை அம்மாவே விரல் வைத்துப் படித்தார். கெடுவுக்குள் சேர்ந்துவிட்டோம். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல்போல் முடிவுசெய்யும் கணினி அவரைப் புதிய மருந்து இல்லாத குழுவில் போட்டது. எனக்கு ஏமாற்றம்தான், அம்மா தோளைக் குலுக்கியதோடு சரி. கதிர்வீச்சு முடிந்துவிட்டது. பிளாக் இன்னும் ஆய்வு மையத்தில்தான் இருக்கிறது. நோய் திரும்பினால் அடுத்த சோதனைக்கும் அதே திசு தேவைப்படலாம் என்பதால், அதன் எண், ஒப்படைத்த தேதி, எப்போது திருப்பித் தரப்படும் ஆகியவற்றை எழுதி முத்திரையிட்ட ரசீது கேட்டு வாங்கி, கோப்பின் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.