60 நாள் கணக்கு எங்கே உடைகிறது?

சேலம் ஐந்து ரோடு டீக்கடையில் பேப்பர் விரித்தால் வரும் கேள்வி: அமெரிக்க அதிபர் யாரையும் கேட்காமல் குண்டு போடலாமா?

அரசியல் சாசனப்படி போரை அறிவிப்பது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். படைத் தலைவர் அதிபர். கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942இல். வியட்நாமுக்குப் பின், அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (மறுப்பு அதிகாரம்) மீறி 1973இல் போர் அதிகாரத் தீர்மானம் சட்டமானது. படை இறங்கிய 48 மணி நேரத்தில் அறிக்கை. ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்தம். பத்திரமாகத் திரும்ப இன்னும் 30 நாள்.

ஓட்டை முதலில் அறிக்கையிலேயே இருக்கிறது. 60 நாள் கெடுவை ஓடவிடும் பிரிவைக் குறிப்பிட்டு அறிக்கை தந்த அதிபர் ஃபோர்டு மட்டுமே, 1975இல் கம்போடியா பிடித்த அமெரிக்கச் சரக்குக் கப்பல் மாயாகெஸ் விவகாரத்தில். மற்றவர்கள் ‘சட்டத்தின்படி’ என்று எழுதாமல் ‘சட்டத்தோடு ஒத்துப்போகும் வகையில்’ என்றே எழுதினார்கள். கெட்டிக்கார வக்கீல் வேலை!

அடுத்தது ‘சண்டை’ என்ற சொல். 2011 லிபியாவில் குண்டுவீச்சு 60 நாள் தாண்டியதும், தரைப்படை இல்லை, எதிரி திருப்பிச் சுடவும் வாய்ப்பில்லை, ஆகவே இது சட்டம் சொல்லும் சண்டையே அல்ல என்றது ஒபாமா அரசு. விமானத்தின் கீழே நின்றவனைக் கேட்டிருக்கலாம்.

அதிபர் கையெழுத்தில்லாமலே காங்கிரஸ் தீர்மானம் போட்டுப் படையைத் திரும்பப் பெறவைக்கும் வழியும், அதிபர் முன் வைக்காத தீர்மானம் சட்டமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1983 சாதா (Chadha) வழக்குத் தீர்ப்புக்குப் பின் வலுவிழந்தது. இன்று வீட்டோவை முறிக்க இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை. 2019இல், ஏமன் போருக்கான அமெரிக்க உதவியை நிறுத்தச் சொன்ன தீர்மானம் டிரம்பின் வீட்டோவைத் தாண்ட முடியாமல் அங்கேதான் விழுந்தது.

நம் ஊரிலும் கதை வேறில்லை. 1987இல் அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே ஓட்டெடுப்பு நடக்கவில்லை.