உடனே சரியாகும் ஏபிடிடியை நம்ப வேண்டாம்

ரத்தம் உறைய உதவும் ஃபாக்டர் 8 என்ற புரதம் குறைவாக இருக்கும் ஹீமோபிலியா ஏ உள்ளவருக்கு அந்த ஃபாக்டரை ஏற்றியும் ரத்தக்கசிவு நிற்கவில்லை என்றால், இன்ஹிபிட்டர், அதாவது அந்த ஃபாக்டரை முடக்கும் ஆன்டிபாடி, இருக்கிறதா என்று வார்டில் கேட்பார்கள். முதல் வேலை மிக்சிங். நோயாளியின் பிளாஸ்மாவையும் நார்மல் பூல் பிளாஸ்மாவையும் (ஆரோக்கியமான பலரின் பிளாஸ்மா கலவை) சரிபாதியாகக் கலந்ததும் ஏபிடிடி (பிளாஸ்மா உறைய எடுக்கும் நேரம்) பெரும்பாலும் நார்மலுக்கு வந்துவிடும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த ஆன்டிபாடி மெதுவாக வேலை செய்வது. 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்த பிறகே நேரம் நீளும். இரண்டு பிளாஸ்மாவையும் அதே 2 மணி நேரம் தனித்தனியாக வைத்து, கடைசியில் கலந்தும் ஒரு ட்யூப் போட வேண்டும். ஃபாக்டர் 8 தானாகவே குறையும் என்பதால், அந்த ட்யூப் இல்லாமல் ஒப்பிட முடியாது.

இன்ஹிபிட்டரின் அளவைச் சொல்வது பெதஸ்டா யூனிட். 2 மணி நேரத்தில் ஃபாக்டர் 8-இல் பாதியை அழித்தால் 1 யூனிட். 1995-இல் வந்த நைமேகன் திருத்தத்தையே நான் விரும்புகிறேன். அதில் பூல் பிளாஸ்மாவை இமிடசோல் பஃபரால் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) பிஹெச் 7.4-இல் நிறுத்துகிறோம், கன்ட்ரோலிலும் நீர்ப்பதிலும் பஃபருக்குப் பதில் ஃபாக்டர் 8 இல்லாத பிளாஸ்மா. இல்லாவிட்டால் பிஹெச் ஏறி, இன்ஹிபிட்டர் இல்லாதவருக்கும் 0.5, 0.7 என்று வந்து நிற்கும்.

தவறு அதிகம் நடப்பது டைல்யூஷனில், அதாவது நோயாளியின் பிளாஸ்மாவை நீர்ப்பதில்தான். கன்ட்ரோலோடு ஒப்பிட்டு மிஞ்சிய ஃபாக்டர் 25 முதல் 75 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கணக்குப் போடலாம். நீர்க்காத பிளாஸ்மாவில் 1 சதவீதத்துக்கும் கீழே வந்தால் அந்த ட்யூபிலிருந்து எதையும் சொல்லக் கூடாது. 10 மடங்கு நீர்த்ததில் 52 சதவீதம் மிஞ்சினால் 0.94 யூனிட், பத்தால் பெருக்க 9.4. 20 மடங்கில் 72 சதவீதம் வந்தால் அதுவும் ஏறக்குறைய 9.4-ஐயே தரும். நீர்க்க நீர்க்க விடை ஏறிக்கொண்டே போனால் ஆன்டிபாடியின் போக்கு வேறு. ரிப்போர்ட்டில் அதையும் எழுதுங்கள்.

சமீபத்தில் ஃபாக்டர் ஏற்றியிருந்தால், மிஞ்சிய மருந்து இன்ஹிபிட்டரை மறைக்கும். 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேலே தெளிந்ததை எடுத்தால் ஃபாக்டர் அழிந்திருக்கும், ஆன்டிபாடி இருக்கும். கத்தீட்டரிலிருந்து எடுத்த சாம்பிளில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்திருக்கலாம். அதைத் திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது. 5 யூனிட்டைத் தாண்டினால் ஃபாக்டர் 8-ஐ விட்டு, அது இல்லாமலே ரத்தத்தை உறைய வைக்கும் பைபாஸ் மருந்துக்கு மாறுவார்கள் என்பதால், 4.8-க்கும் 5.3-க்கும் நடுவே ஊசலாடும் சாம்பிளை மறுபடி போட்டுப் பார்ப்பது அவசியம்.

ஃபாக்டர் 8-இன் வேலையைச் செய்யும் எமிசிஸுமாப் மருந்தை எடுப்பவர் என்றால் ஏபிடிடி வழி மொத்தமும் பயனற்றது. இன்ஹிபிட்டர் இருந்தாலும் தெரியாத அளவுக்கு நேரம் குறைந்துவிடும். மாட்டு ஃபாக்டர்கள் உள்ள, நிற மாற்றத்தால் அளக்கும் குரோமோஜெனிக் ரீயேஜென்ட் வேண்டும். கோரிக்கைச் சீட்டில் மருந்தின் பெயரும் கடைசி டோஸ் தேதியும் இல்லாவிட்டால், டெஸ்ட் போடும் முன் வார்டுக்கு போன் செய்துவிடுங்கள்.