விண்டோஸோடு லினக்ஸ் மின்ட்: பாதி வேலை விண்டோஸுக்குள்ளேயே

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதன்பிறகு லினக்ஸ் பக்கம் எட்டிப்பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் டேலி, ஆட்டோகேட், வங்கிக் கையொப்ப டோக்கன் என்று ஏதோ ஒன்று பலரை விண்டோஸிலேயே கட்டிப்போட்டிருக்கிறது. அவர்களுக்கு டூயல் பூட், அதாவது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்து எழுப்புவதுதான் வழி. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் 22 வரிசையை எடுத்துக்கொள்வோம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு.

இன்ஸ்டால் ஆக அரை மணி நேரம் போதும். டூயல் பூட்டில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த அரை மணி நேரத்துக்கு முன்பே, விண்டோஸுக்குள் செய்யாமல் விட்ட வேலைகளால் வருபவை.

முதலில் பேக்கப். அதே டிஸ்கின் டி டிரைவுக்கு காப்பி செய்வது பேக்கப் ஆகாது. வெளி ஹார்டு டிஸ்கில் எடுங்கள்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த உடனே, கேட்காமலேயே டிஸ்க் என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற இடத்தைப் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், 48 இலக்க ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டையோ (கையொப்பமுள்ள பூட் நிரல்களை மட்டும் அனுமதிக்கும் காப்பு) ஸ்டோரேஜ் அமைப்பையோ மாற்றினால், விண்டோஸ் அடுத்த முறை நீலத் திரையில் நின்று இந்தக் கீயைத்தான் கேட்கும். காரணம், கீயைக் காத்துவைக்கும் டிபிஎம் சிப் பழைய பூட் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பூட்டைத் திறக்கிறது. வீட்டு மெஷின் என்றால் என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிடுவது சுலபம். டீகிரிப்ட் முழுக்க முடியும்வரை காத்திருக்க வேண்டும். அலுவலக லேப்டாப் என்றால் இந்த வேலையிலேயே இறங்காதீர்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆனில் இருந்தால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை டிஸ்கில் எழுதிவிட்டுத் தூங்கப்போகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி) அப்போது பாதி திறந்த நிலையிலேயே இருக்கும். லினக்ஸ் அதை ரீட்-ஒன்லியாகத்தான் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். வற்புறுத்தி எழுதினால் ஃபைல்கள் சிதையும். இதில் ஒரு வேடிக்கை: 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் விண்டோஸ் உண்மையில் முழுதாக அணைந்து எழும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் அணைப்பதைவிட, அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டையே நிறுத்திவிடுவது நல்லது. ஹைபர்னேட் ஃபைல் டிஸ்கில் பிடித்திருந்த பல ஜிபியும் கூடவே விடுபடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இப்போது இடம் ஒதுக்குவது. மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி, வசதியாக இருக்க 100 ஜிபி என்று மின்ட் குழுவே சொல்கிறது. உலாவி, அலுவலக வேலை என்று இருப்பவர்களுக்கு 60 தாராளம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவில் ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அங்கே எம்பி கணக்கில்தான் கேட்கும்: 60 ஜிபிக்கு 61440, 100 ஜிபிக்கு 102400. கிடைக்கும் காலி இடத்தில் புது டிரைவ் எதுவும் உருவாக்காமல், 'அன்அலகேட்டட்' என்றே விட்டுவிடுங்கள்.

இங்கேதான் பலருக்கு முழி பிதுங்கும். சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருந்தும், 8 ஜிபிக்குமேல் சுருக்க முடியாது என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத ஒரு ஃபைல் டிரைவின் கடைசிப் பக்கம் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். வழக்கமான ஆசாமிகள் மூவர்: ஹைபர்னேட் ஃபைல், பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது உதவுவது), சிஸ்டம் ரெஸ்டோர் பதிவுகள். ஹைபர்னேட்டை ஏற்கெனவே நிறுத்திவிட்டோம். மற்ற இரண்டையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஷ்ரிங்க் முயன்று பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால், ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக்கைத் திறந்து 259 என்ற ஈவென்ட் எண்ணைத் தேடுங்கள். வழிமறிக்கும் ஃபைலின் பெயர் அதிலேயே இருக்கும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலை மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள்.

பென் டிரைவ் 8 ஜிபி போதும், அதில் இருப்பதெல்லாம் அழியும். மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் வட்டின் நகல்) இறக்கியதும் செக்சம் (ஃபைல் சிதையாமல் வந்ததா என்று காட்டும் குறியீடு) சரிபாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோட் இன்ஸ்டால் நடுவில்தான் காலை வாரும். ரூஃபஸ் நிரலால் அதைப் பென் டிரைவில் எழுதும்போது பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்று இருக்கட்டும். உங்கள் விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறது என்பதை சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' வரி சொல்லும். அங்கே லெகசி என்று இருந்தால் எம்பிஆர் என்ற பழைய முறை டிஸ்க். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்குமேல் போட முடியாது. அந்த மெஷின்களுக்கு இந்தக் குறிப்புகள் அப்படியே பொருந்தாது.

பென் டிரைவிலிருந்து எழுப்ப, பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. அங்கே ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தாலும் இன்ஸ்டாலர் ஓடும்; பிறகு கிரப்பும் (எந்த இயங்குதளம் என்று கேட்டு எழுப்பும் மின்ட்டின் பூட்லோடர்) விண்டோஸும் ஒன்றையொன்று பார்க்காது. திரை கறுப்பாக நின்றால், மின்ட் மெனுவிலேயே 'கம்பாட்டிபிலிட்டி மோட்' இருக்கிறது. என்விடியா கார்டு உள்ள மெஷின்களில் அது தேவைப்படும்.

லைவ் டெஸ்க்டாப் (பென் டிரைவிலிருந்தே ஓடும் மின்ட்) வந்ததும் வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, 'டிஸ்க்ஸ்' நிரலைத் திறங்கள். உள் டிஸ்க் தெரிந்தால் நிம்மதி. தெரியவில்லை என்றால், இன்டெல் மெஷினில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற ஸ்டோரேஜ் அமைப்பு காரணமாக இருக்கலாம். பயாஸில் நேராகப் போய் அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் விண்டோஸ் 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை காட்டும். சரியான வரிசை இது: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் டேபில் 'சேஃப் பூட்' டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் மாற்ற வேண்டும். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புதிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும்.

இன்ஸ்டாலரில் மூன்று வழிகள் காட்டும். 'இரேஸ் டிஸ்க்' என்பது பெயரில் உள்ளதைத்தான் செய்யும், விண்டோஸ் போய்விடும். 'அலாங்சைட்' சுலபம். ஆனால் இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில் எதைத் தொடப்போகிறது என்று புரியாது. அதனால் 'சம்திங் எல்ஸ்' தான் என் தேர்வு. 'ஃப்ரீ ஸ்பேஸ்' வரியைத் தேர்ந்தெடுத்து பிளஸ் குறியை அழுத்தி, ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் முறை), மவுண்ட் பாயின்ட் / என்று கொடுத்தால் போதும். தனி ஸ்வாப் பார்ட்டிஷன் (விண்டோஸின் பேஜ் ஃபைல் போன்றது) வேண்டாம், ஸ்வாப் ஃபைல் தானே உருவாகும். ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் 100 அல்லது 260 எம்பி அளவில் தெரியும். அதை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். விண்டோஸின் பூட் ஃபைல்களும் அங்கேதான் இருக்கின்றன. விண்டோஸ், மின்ட் இரண்டின் பூட் ஃபைல்களும் தனித்தனி ஃபோல்டரில் ஒன்றாகக் குடியிருக்கும்.

செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. மின்ட்டின் பூட்லோடர் கையொப்பமிடப்பட்டது. மல்டிமீடியா கோடெக் (வீடியோ, பாட்டு ஓட்ட உதவுபவை) டிக் செய்தால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அதையே கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில வினாடிகளே நிற்கும். தவறவிட்டால் என்விடியா போன்ற வெளி டிரைவர்கள் ஏறாது. ஐஎஸ்ஓ மட்டும் புதியதாக இருக்கட்டும்: 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் பழைய பூட்லோடர்களைத் தடைசெய்து, பல டூயல் பூட் மெஷின்களை 'எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்ட்' என்ற வரியோடு நிறுத்திவைத்தது.

முடிந்தபின் நேராக விண்டோஸே வந்தால், பயாஸில் பூட் வரிசையை மாற்றுங்கள். அங்கே மின்ட் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. 'உபுண்டு' என்றுதான் இருக்கும். இதே காரணத்தால், ஒரே டிஸ்கில் உபுண்டுவையும் மின்ட்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் பூட் ஃபைலை மற்றது மேலெழுதிவிடும். பூட்டே கெட்டுப்போனால், மின்ட் லைவ் பென் டிரைவில் 'பூட் ரிப்பேர்' இருக்கிறது. அந்தப் பென் டிரைவை அழிக்காமல் வைத்திருங்கள்.

விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. காலை 10 மணி 4:30 ஆகிவிடும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் சரியாகும். கோடையில் கடிகாரத்தைத் திருப்பும் நாடுகளில் இது சிக்கல் தரும். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தத் தொல்லை இல்லை.

தமிழ்99-இல் தட்டச்சு செய்பவர்கள் ஐபஸ் என்ற தட்டச்சு வசதிக்கான ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளி தானாக விழும்.

பிறகு மின்ட் வேண்டாம் என்று தோன்றினால், பார்ட்டிஷனை முதலில் அழிக்காதீர்கள். கிரப்பின் அமைப்பு ஃபைல்கள் அதற்குள் இருப்பதால், மெஷின் வெறும் 'கிரப்>' என்று நின்றுவிடும். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேராக எழுகிறதா என்று பார்த்த பிறகு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்கி 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு ஃபோல்டர் மிஞ்சியிருக்கும். சில எம்பிதான், கிடந்துவிட்டுப் போகட்டும்.