கோல் விழுந்தால் மரம் அறுக்கும் ஊர்

அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஊர்க் கால்பந்து அணி கோல் போட்டால் ரம்பம் ஓடும். பேச்சுக்குச் சொல்லவில்லை, மரம் அறுக்கிற இயந்திர ரம்பமேதான். மைதானத்தின் வடக்குப் பக்கம் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரக்கட்டையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பந்து வலைக்குள் போனதும் டிம்பர் ஜோயி என்கிற மரவெட்டி, தலைக்கவசம் சகிதமாக அதன் முன் நிற்கிறார். புகையும் மரத்தூளும் பறக்க வட்டமாக ஒரு துண்டு அறுத்து, இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார். ஆட்டம் முடிந்ததும் அந்தத் துண்டு கோல் போட்டவருக்குப் பரிசு. ஒரு கோலும் விடாமல் தடுத்தால் கோல்கீப்பருக்கும் ஒன்று உண்டு.

போர்ட்லண்ட் இருக்கிற ஆரிகன் மாநிலம் மரத்தொழிலில் வளர்ந்தது. அணியின் பெயரும் போர்ட்லண்ட் டிம்பர்ஸ். எழுபதுகளின் கடைசியில் டிம்பர் ஜிம் என்பவர் தொடங்கி வைத்த வழக்கம் இது. ஜோயி அவருக்கு அடுத்து வந்தவர்.

அமெரிக்கர்களுக்குக் கால்பந்து ஆகாது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. உலகக் கோப்பை வந்தால் நாலு வாரம் கொடி பிடிப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று நானும் யாரிடமாவது சொல்லியிருப்பேன். 2025 ஜூனில் போர்ட்லண்டை ஒட்டிய பீவர்ட்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தது வேறு. பெரிய போட்டிகள் ஆர்வத்தைக் கொண்டுவந்து கொட்டவில்லை. ஆர்வம் ஊருக்குள் ஏற்கெனவே இருந்தது, ஐம்பது வருடமாக.

டிம்பர்ஸ் ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனது தங்கை மகள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள், பள்ளிக்கு வெளியே ஒரு அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். பீவர்ட்டனிலிருந்து மேக்ஸ் என்கிற நகர ரயிலில் ஏறினால் பிராவிடன்ஸ் பார்க் வாசலிலேயே இறங்கலாம். 1926இல் கட்டிய மைதானம். தெருமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால் டிக்கெட் இல்லாதவர்கள் நடைபாதையில் நின்றே கம்பி வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். யாரும் விரட்டவில்லை.

வடக்குக் கேலரி முழுவதும் டிம்பர்ஸ் ஆர்மி என்ற ரசிகர் கூட்டத்தின் கையில். அங்கே இருக்கை எண் கிடையாது, முந்தி வந்தவருக்கு முதல் இடம். நான் பழக்கதோஷத்தில் உட்காரப் போனேன்.

"மாமா, இங்க யாரும் உட்கார மாட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"முடியற வரைக்கும்!"

முடிகிற வரைக்கும் நின்றோம். முன்னால் ஒரு மேடையில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி ஓர் இளைஞர் நின்று பாட்டை எடுத்துக் கொடுக்கிறார். அந்த மனிதர் ஒரு கோலையாவது கண்ணால் பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். பெரிய துணி ஓவியங்கள் வரைவது, கொடி தைப்பது எல்லாம் ரசிகர்களின் சொந்தச் செலவு, சொந்த உழைப்பு. 80ஆவது நிமிடம் வந்ததும் கூச்சல் அடங்கி, எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய பாட்டைப் பாடினார்கள். டிம்பர் ஜிம்மின் மகள் 2004இல் கார் விபத்தில் இறந்துபோனாள். அவளுக்காக அவர் பாடச் சொன்ன பாட்டு, இன்றுவரை ஆட்டம் தவறாமல் நடக்கிறதாம். பக்கத்தில் நின்ற பெரியவர்தான் இதைச் சொன்னார். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த மைதானத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெலே போட்டி ஆட்டமாகக் கடைசியாக ஆடியது இங்கேதான், 1977 ஆகஸ்ட் 28. நியூயார்க் காஸ்மோஸ் அன்று 2-1 என்று வென்றது. தோற்றது பக்கத்து ஊரான சியாட்டில் சவுண்டர்ஸ். அப்போதைய லீக் எண்பதுகளில் இழுத்து மூடப்பட்டது. ஆனால் சியாட்டில், போர்ட்லண்ட் பகை மட்டும் போகவில்லை. மேஜர் லீக் சாக்கர் 1996இல் தொடங்கி, சியாட்டில் 2009இலும் போர்ட்லண்ட் 2011இலும் அதில் சேர்ந்தபோது, பழைய பெயர்களோடும் பழைய கோபத்தோடும்தான் வந்தன. இடையில் 2004இல் ரசிகர்களே பணம் போட்டு கஸ்கேடியா கோப்பை என்று ஒன்றை உருவாக்கினார்கள். சியாட்டில், போர்ட்லண்ட், கனடாவின் வான்கூவர் மூன்றுக்கும் இடையில். லீக் கொடுத்த கோப்பை அல்ல என்பதில் அவர்களுக்குத் தனி மிடுக்கு.

மறுநாள் மருமகள் ஆசைப்பட்டாள் என்று ஸ்போர்ட்ஸ் பிரா என்கிற கடைக்குப் போனோம். 2022இல் திறந்தது. தொலைக்காட்சிகளில் பெண்கள் ஆட்டம் மட்டும்தான் காட்டுவார்கள். பர்கர் சுமார், கூட்டம் பிரமாதம். அமெரிக்காவில் கால்பந்தை ஆண்கள் ஆட்டமாக மட்டும் பார்த்தால் பாதிக் கதை விட்டுப்போகும். பெண்கள் உலகக் கோப்பையை அந்த நாடு நான்கு முறை வென்றிருக்கிறது. 1999 இறுதியாட்டத்துக்கு ரோஸ் பவுல் மைதானத்தில் கூடியது 90,000 பேருக்கு மேல். 2003 போட்டி சீனாவில் நடக்க வேண்டியது, சார்ஸ் தொற்றுநோய் காரணமாக அமெரிக்காவுக்கு மாறியது. அரையிறுதியில் அமெரிக்கா ஜெர்மனியிடம் 0-3 என்று தோற்றது இதே போர்ட்லண்ட் மைதானத்தில். இன்று அதே மைதானத்தில் ஆடும் பெண்கள் அணி போர்ட்லண்ட் தார்ன்ஸ், மூன்று முறை லீக் சாம்பியன். சர்வதேச ஆட்டங்களில் 190 கோல் போட்ட கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர், 2024இல் ஓய்வு பெறும்வரை இந்த அணிக்குத்தான் ஆடினார். மருமகளின் அறைச் சுவரில் அவர் படம் இருக்கிறது. மெஸ்ஸி படம் இல்லையா என்று கேட்டேன், இடமில்லை என்றாள்.

சனிக்கிழமை காலை அவளுடைய ஆட்டம். மடக்கு நாற்காலியும் காபியுமாகப் பெற்றோர் வரிசை. பக்கத்து ஹில்ஸ்பரோவில் இன்டெல் இருப்பதால் நம்மவர்களும் அங்கே நிறைய. "பாஸ் பண்ணுடா கண்ணா" என்று ஒரு குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காதது பணம். நல்ல கிளப்பில் சேர்க்க வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். பயணச் செலவு தனி. தெருவில் ஆடி வளரும் விளையாட்டுக்கு இது பெரிய சுமை.

அப்புறம் சியாட்டில். ஆம்ட்ராக் கஸ்கேட்ஸ் ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். வானம் தெளிவாக இருந்தால் ரெய்னியர் மலை கூடவே வரும். இறங்கும் கிங் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சவுண்டர்ஸ் ஆடும் லூமன் ஃபீல்டு மைதானத்துக்கு நடந்தே போகலாம். முன்பு அதே இடத்தில் கிங்டோம் என்ற மைதானம் இருந்தது. 1976 ஏப்ரலில் அங்கே நடந்த முதல் விளையாட்டே கால்பந்துதான். பெலேயைப் பார்க்க 58,000 பேர் வந்தார்களாம்.

நான் போனது ஜூன் 23, கிளப் உலகக் கோப்பை, சவுண்டர்ஸும் பாரிஸ் செயின்ட் ஜெர்மேனும். திங்கட்கிழமை, பகல் 12 மணி. வேலை நாள் மத்தியானத்தில் யார் வருவார்கள் என்று நினைத்தேன். 50,000 பேருக்கு மேல் வந்தார்கள். பயனியர் ஸ்கொயர் பக்கத்துத் தெருக்களில் முரசும் கொடியுமாக ஒரே பச்சை வெள்ளம். பாரிஸ் சட்டைகளும் ஏராளம். அவற்றுக்குள் இருந்தவர்களில் பாதிப் பேர் பேசியது அமெரிக்க ஆங்கிலம். ஊர் அணிக்கு ஒரு சட்டை, ஐரோப்பிய அணிக்கு ஒன்று, அப்பா பிறந்த நாட்டுக்கு ஒன்று என்று மூன்று வைத்திருப்பது அங்கே சாதாரணம்.

பாரிஸ் அப்போதுதான் இன்டர் மிலானை 5-0 என்று நசுக்கி ஐரோப்பிய சாம்பியன் ஆகியிருந்தது. சியாட்டில் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றிருந்தது. எனவே முடிவு பற்றி யாருக்கும் பெரிய கனவில்லை. முதல் கோல், பாரிஸின் வித்தீனா அடித்த பந்து சக வீரர் க்வாரட்ஸ்கேலியாவின் முதுகில் பட்டு உள்ளே போனது. இரண்டாவது ஹக்கீமி. 0-2. ஆனால் தெற்குப் பக்கக் கூட்டம் கடைசி விசில் வரை பாட்டை நிறுத்தவில்லை. செயற்கைப் புல் தரைக்கு மேல் இந்தப் போட்டிக்காகவே இயற்கைப் புல் விரித்திருந்தார்கள். போட்டிக்குச் சற்று முன், பரிசுப் பணத்தில் தங்களுக்கு உரிய பங்கு கேட்டு சவுண்டர்ஸ் வீரர்கள் ஒரு லீக் ஆட்டத்தின் முன்பயிற்சியில் எதிர்ப்பு வாசகம் எழுதிய சட்டை போட்டு வந்த செய்தியும் பேச்சில் அடிபட்டது. ரசிகர்கள் வீரர்கள் பக்கம்.

அதில் ஆச்சரியமில்லை. இந்தக் கிளப்பில் சந்தா கட்டிய ரசிகர்களுக்கு, பொது மேலாளர் நீடிக்கலாமா வேண்டாமா என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாக்களிக்கும் உரிமை இருக்கிறது. 'சவுண்டர்ஸ்' என்ற பழைய பெயரே ரசிகர்கள் எழுதிப் போட்ட வாக்கில்தான் திரும்பி வந்தது. இதை நம் கிரிக்கெட் வாரியத்திடம் சொன்னால் சிரிப்பார்கள்.

2026 உலகக் கோப்பையில் லூமன் ஃபீல்டுக்கு 6 ஆட்டங்கள், போர்ட்லண்டுக்கு ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னாலே மருமகளுக்கு முகம் சுருங்குகிறது. சியாட்டில் போய்ப் பார்ப்பாயா என்றால், "போவேன், ஆனா டிம்பர்ஸ் ஸ்கார்ஃப் போட்டுக்கிட்டு" என்கிறாள். அதற்கும் அப்பா மனது வைக்க வேண்டும். தேவை கூடக் கூட டிக்கெட் விலையும் ஏறுகிற முறையைத்தான் ஃபிஃபா வைத்திருக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றையாவது பாருங்கள், டிக்கெட்டும் மலிவு. பை கொண்டுபோவதானால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், மற்றதை வாசலில் நிறுத்திவிடுவார்கள். சட்டை விஷயத்தில் கவனம், இரண்டு ஊருக்கும் நிறம் பச்சைதான். கரும்பச்சையும் பொன்மஞ்சளும் என்றால் போர்ட்லண்ட், பளிச்சென்ற பச்சையும் நீலமும் என்றால் சியாட்டில்.