மூன்று மாதம் அவளுடனே

டிசம்பர் 2, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. போடியிலிருந்து மெட்டு ஏறும் வரை தங்கச்சி என் முதுகுக்குப் பின்னால் கையை வைத்தபடியே வந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செக்போஸ்ட் தாண்டியதும் குளிர் காலில் ஏறியது. அம்மா தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்காமல் ரோட்டிலேயே நின்றிருந்தாள். முதலில் வயிற்றைத் தொட்டாள், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

டிசம்பர் 3

இரவெல்லாம் உதைக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

லூக்கா முதல் அதிகாரம், 56ஆம் வசனம். மதுரையில் ஆய்வுக்கட்டுரையை விட்ட இடத்திலேயே நிற்கிறேன். இயேசுவின் தாய் மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் தன் உறவுக்காரி எலிசபெத்துடன் இருந்து வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அடுத்த வசனத்தில் எலிசபெத்துக்குப் பிள்ளை பிறக்கிறது, அதுதான் யோவான்.

தேவதூதன் மரியாளிடம் பேசும்போது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். அதோடு மூன்றைக் கூட்டினால் ஒன்பது. அப்படியென்றால் மரியாள் பிரசவத்துக்கு இருந்தாளா, இல்லை வலி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பிவிட்டாளா? வயதான பெண், தலைப்பிரசவம், பேச முடியாத புருஷன். அந்த வீட்டில் மூன்று மாதம் இருந்தவள் கடைசி வாரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவாளா? எங்கள் லயத்தில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எந்தப் பெண்ணும் போகமாட்டாள்.

லூக்கா எழுதும் விதம் எனக்குத் துணை நிற்கிறது. ஒருவருடைய கதையை முடித்துவிட்டுத்தான் அடுத்தவர் கதையை அவர் எடுப்பார். மூன்றாம் அதிகாரம் 20ஆம் வசனத்தில் ஏரோது யோவானைக் காவலில் அடைத்துவிடுகிறான், 21இல்தான் இயேசு ஞானஸ்நானம் பெறுகிறார். ஞானஸ்நானம் கொடுத்தவரே யோவான்தான், நடந்த வரிசை அதுவல்ல என்று எல்லோருக்கும் தெரியும். அதேபோல 56ஆம் வசனம் எழுத்தில்தான் முன்னால் வருகிறது. மரியாள் இருந்தாள். இதைத்தான் ஆய்வுக்கட்டுரையின் இரண்டாம் இயலில் எழுதியிருக்கிறேன்.

வழிகாட்டி ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்: "இது வசனத்தின் சாட்சியா, உங்கள் விருப்பமா?"

டிசம்பர் 8, ஞாயிறு. ஆகமனம் 2, கிறிஸ்துமஸுக்கு முந்திய காத்திருப்பு வாரங்களில் இரண்டாவது

ஜீப் கிடைத்தது, பழைய மூணாறு ஆலயத்தில் தமிழ் ஆராதனைக்குப் போனோம். 1910இல் எழும்பிய கல் ஆலயம், உள்ளே குளிர் வெளியைவிட அதிகம். முழங்காற்படியிட முடியவில்லை, உட்கார்ந்தே ஜெபித்தேன்.

ஆராதனை முடிந்ததும் பின்னால் இருக்கும் மேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாமென்றேன். அம்மா முறைத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி கல்லறைக்குப் போகக் கூடாதாம். எனக்கு அங்கே போக வேண்டியிருந்தது. 1894இல் காலராவில் இறந்த இசபெல் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் அங்கே கிடக்கிறாள். கல்யாணமாகி இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். முதலில் அவளுடைய கல்லறை வந்தது, பதினாறு வருஷம் கழித்துத்தான் ஆலயம் வந்தது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளி முடிந்து அங்கே ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறோம். இன்றைக்கு அவள் பெயரை நினைத்ததும் தொண்டை அடைத்தது. அவளுக்கும் ஒரு அம்மா எங்கோ கடலுக்கு அப்பால் இருந்திருப்பாள். கடிதம் போய்ச் சேர எத்தனை வாரம் ஆகியிருக்கும்.

அம்மா சொன்னதைத் தட்டவில்லை, போகவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

ஸ்கேன். ஐந்தாம் மாதத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது என்று சொன்னதிலிருந்து சரியாக மூச்சுவிடவில்லை. அடிமாலி போகும் வழி முழுக்க அதே நினைப்புதான்: நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் ஆபரேஷன்தான், வழியிலேயே உதிரம் போனால் என்ன செய்வது, மண் சரிந்து ரோடு அடைத்தால் யாரைக் கூப்பிடுவது.

மேலே ஏறிவிட்டது! கர்ப்பப்பை பெரிதாகும்போது பெரும்பாலானவர்களுக்கு இப்படித் தானாகவே மேலே போய்விடுமாம். டாக்டரம்மா மலையாளத்தில் சொன்னார், தங்கச்சி அதையே தமிழில் இன்னொரு தரம் சொன்னாள். எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தரம் கேட்க வேண்டியிருந்தது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை போடும்போது ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ குடிக்கக் கூடாது, டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்றார் நர்ஸ். இதை அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். நாங்கள் மூன்று பேரும் வயிற்றிலிருந்தபோது விடிகாலையில் ஒரு சொம்பு கட்டன் சாயாவோடுதான் மாத்திரையை விழுங்கினாளாம். யாருமே சொல்லவில்லையாம். அதற்கப்புறம் ரொம்ப நேரம் அவள் பேசவில்லை.

டிசம்பர் 15

கால் வீக்கம். ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

டிசம்பர் 18, புதன்

மரியாளின் பாட்டை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்." அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, "அந்த செப்டம்பர்ல நாங்க ரோட்ல உக்காந்தது மாதிரி" என்றாள்.

2015. போனஸ் 10 சதவீதம் என்று சொன்னதும் பெண்கள் மட்டும் இறங்கினார்கள். பெம்பிளை ஒருமை, பெண்கள் ஒற்றுமை என்று பெயர். யூனியன் தலைவர்களைக் கிட்டே வர விடவில்லை. மூணாறு டவுனையே நிறுத்திவிட்டார்கள், 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அம்மா குடையும் ஒரு பொட்டலம் சோறுமாகப் போனவள், இருட்டியபிறகுதான் வருவாள். நான் அப்போது ப்ளஸ் டூ. அம்மா சத்தம்போட்டுப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

ஐந்து வருஷமாக இறையியல் படிக்கிறேன். இந்தப் பாட்டைப் பற்றி எத்தனையோ வாசித்தாயிற்று. அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மூன்றாம் இயலின் தொடக்கத்தில் வைக்கப் போகிறேன். அனுமதிப்பார்களா என்று கேட்கமாட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் லயத்துக்கு வரும்போது மணி பதினொன்று. பையன்கள் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு ஜீப்புக்கு ஓடினார்கள். கீழ் வளைவில் கொம்பன் யானை நிற்கிறதாம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. ஒரு வண்டியும் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. எல்லோரும் பழகினவர்கள், எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கட்டன் குடித்துக்கொண்டு சிரித்துப் பேசினார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. எனக்கு வலி வரும் ராத்திரியில் அது அங்கே வந்து நின்றால்?

டிசம்பர் 25

அவர் வந்திருந்தார். ஒரே ஒரு நாள்தான். வயிற்றில் கையை வைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

டிசம்பர் 31, செவ்வாய்

நள்ளிரவு ஆராதனைக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே தங்கச்சியும் நானும் மெழுகுவர்த்தி ஏற்றி சங்கீதம் 90 வாசித்தோம். அம்மா ஒவ்வொரு வருஷமும் செய்வதுபோல பெட்டிமுடி மண்சரிவில் போனவர்களுக்காக ஜெபித்தாள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, 70 பேர். லயத்தோடு சேர்த்து மண் மூடியது. அம்மாவுடன் கொழுந்து எடுத்த ஒருத்தியின் மகளும் அதில் உண்டு. அம்மா பெயர் பெயராகச் சொல்லுவாள். மழை இல்லாத மாதம்தான் இது, ஆனாலும் நான் எழுந்துபோய்ப் பின்பக்க மண்திட்டை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

உடன்படிக்கை ஆராதனை. இனி நான் என்னுடையவள் அல்ல என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது உள்ளே அது துள்ளியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்ததும் ஒரு பெரியவர் விசாரித்தார். படிப்பு முடியப் போகிறதாமே, பிள்ளையும் வந்துவிடும், அப்புறம் எதற்கம்மா ஊழியம் என்றார். நல்ல மனுஷர். போன வருஷம் தேர்வுக் குழுவில் ஒருவர் இதையே வேறு விதமாகக் கேட்டார்: "மகப்பேறு வந்தால் சபையை யார் பார்ப்பார்கள்?" பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மூன்று ஆண் மாணவர்களுக்கும் கல்யாணமாகியிருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2013 செப்டம்பரில் எக்கோணி புஷ்பலலிதா நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்றார், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வேதாகமத்துக்குள் வைத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. இன்றைக்கு அதை எடுத்துப் பார்த்தேன்.

ஜனவரி 9

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. கன்றுச் செடிகள் கருகிவிட்டன என்று அம்மா கவலைப்படுகிறாள். நான் மூன்று கம்பளிக்குள்ளிருந்து எழுதுகிறேன்.

ஜனவரி 11, சனி

தாத்தாவின் ஜெபப் புத்தகம் பரணிலிருந்து கிடைத்தது. 1947 செப்டம்பர் 27இல் பல சபைகள் ஒன்றாகி தென்னிந்தியத் திருச்சபை ஆனபிறகும் தாத்தா கடைசிவரை பழைய ஆங்கிலிக்கன் மிஷன் பெயரைச் சொல்லி "நாங்க சி.எம்.எஸ். ஆளுங்க" என்றுதான் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து தேயிலைக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டியில் இந்தப் புத்தகமும் வந்தது.

அதில் பிள்ளை பெற்ற பெண் ஆலயத்துக்கு வந்து நன்றி சொல்லும் முறை இருக்கிறது. 1662 ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலிருந்து வந்தது. சங்கீதம் 116 அல்லது 127. லேவியராகமம் 12இன்படி ஆண்பிள்ளைக்கு நாற்பது நாள், பெண்பிள்ளைக்கு எண்பது. அந்தக் கணக்கைத்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். இந்த முறையிலோ தீட்டு என்ற பேச்சே இல்லை. பிரசவத்தின் வேதனையிலும் மோசத்திலுமிருந்து அவளைக் காத்ததற்காக ஸ்தோத்திரம், அவ்வளவுதான். அது மோசம் என்பதை ஆலயத்தில் வாய்விட்டுச் சொல்கிறது. என்னிடம் இங்கே எல்லோரும் "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்றுதான் சொல்கிறார்கள். யாரும் பயப்படுவதற்கு இடம் தருவதில்லை. இந்தப் பழைய தாள் தருகிறது.

பிள்ளை பிறந்தபிறகு எனக்கு இந்த ஆராதனை வேண்டும். ஆயரிடம் கேட்பேன்.

ஜனவரி 13, திங்கள்

தங்கச்சி கிளம்பிவிட்டாள். கோயம்புத்தூரில் நர்சிங் வகுப்பு தொடங்குகிறது, வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். பிரசவத்துக்கு இருப்பேன் என்றுதான் வந்தாள். அவள் மேல் தப்பில்லை. பஸ் ஏறும்போது என் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு ஏறினாள்.

அம்மா லீவு கேட்டிருக்கிறாள். கொழுந்து வரத்து குறைந்த மாதம் என்பதால் கிடைக்கலாம். கிடைத்தாலும் அன்றைய கூலி போச்சு. இன்னும் இரண்டு வருஷம்தான் அவளுக்கு சர்வீஸ். அப்புறம் தோட்டம் கொடுத்த இந்த வீட்டையும் விட்டுக் கொடுக்க வேண்டும். பிள்ளை நடை பழகும் தரை நம்முடையதாக இருக்காது.

ஜனவரி 14

பொங்கல். அம்மா கரும்பு வாங்கி வந்தாள். நான் சாப்பிடவில்லை.

ஜனவரி 20, திங்கள்

நேற்றிரவு இப்படியும் இருக்கலாமே என்று தோன்றியது. அதற்கப்புறம் தூக்கம் இல்லை.

58ஆம் வசனம்: அயலகத்தாரும் பந்துஜனங்களும் கேள்விப்பட்டு வருகிறார்கள். பிள்ளை பிறந்தால் வீடு நிறைய ஆள் வரும். மரியாளுக்கு அப்போது மூன்று மாதம் தாண்டியாயிற்று. நிச்சயம் ஆனவள், கல்யாணம் ஆகாதவள். ஊரே கூடும் வீட்டில் அந்த வயிற்றோடு அவள் எப்படி நிற்பாள்? இருக்க ஆசைப்பட்டே, எலிசபெத்தின் கையைப் பிடித்துக்கொண்டே, பேச்சுக்குப் பயந்து கிளம்பியிருக்கலாம். எலிசபெத்தே "நீ போ, தாயி" என்று அனுப்பியிருக்கலாம்.

இதை ஏன் இத்தனை நாள் நான் பார்க்கவில்லை என்றால், எனக்கு அவள் இருக்க வேண்டியிருந்தது. வழிகாட்டி கேட்ட கேள்விக்கு என்னுடைய பதில்: விருப்பமும்தான். ஆனால் வெறும் விருப்பம் இல்லை. லூக்காவின் எழுத்து முறை இருக்கவே இருக்கிறது. ஏறக்குறைய மூன்று மாதம் என்று அவர் கணக்கைத் தளர்த்தி வைத்ததும் இருக்கிறது.

இரண்டையும் எழுதுகிறேன். போகவேண்டி வந்த மரியாளை எழுதும்போது கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரிந்த கோபம். சாயங்காலம் தண்ணீர் தொட்டிப் பக்கம் ஏறிப்போய்த் தங்கச்சிக்கு போன் போட்டேன். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். "அக்கா, வகுப்புல இருக்கேன்" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

நடுராத்திரியில் வலி. அம்மா எழுந்து விளக்கைப் போட்டு, வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தாள். ஜீப்காரருக்குச் சொல்லிவிட்டோம். கீழ் வளைவில் யானை இல்லை என்று அவர் ஆளனுப்பிப் பார்த்துச் சொன்னார். விடிவதற்குள் வலி போய்விட்டது. சூட்டு வலியாம்.

யானை இல்லை என்று கேட்டபோதே எனக்குப் பாதி வலி இறங்கிவிட்டது. இனிமேல் ராத்திரியானால் நானே ஜீப்காரரிடம் கேட்டுவைப்பேன்.

ஜனவரி 26

அம்மாவுக்கு லீவு கிடைத்துவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

மூன்றாம் இயல் முடிந்தது. அம்மாவின் வாக்கியத்தை அவள் பேசியபடியே எழுதியிருக்கிறேன், திருத்தவில்லை. போடியில் பிரிண்ட் எடுத்து வழிகாட்டியிடம் சேர்க்கச் சொல்லி நாளைக் காலை பென் டிரைவை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். இரண்டு அடிக்குறிப்பு பாக்கி. மத்தியானத்திலிருந்து இடுப்பு கடுக்கிறது. இது சூட்டு வலி மாதிரி இல்லை. அம்மா வெந்நீர் போடுகிறாள். ஜீப்காரருக்குச்