இலேசியில் மழை

ஜூலை 9, 2024, ககமேகா, கென்யா

மதியத்துக்கு மேல் மழை. நாங்கள் வனையச் சொன்ன கள்ளுப்பானை இன்றும் காயாது.

ஜூலை 10

பக்கத்து வீட்டு அக்காவோடு, மண்பாண்டம் செய்கிற இலேசிக்குப் போனேன். கிசுமு சாலை ஓரம் முழுக்கச் சட்டியும் பூந்தொட்டியும் அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ‘அழும் பாறை’ என்கிற பாறையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் பானை, அதை வனைகிற பாட்டியின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஈரச் சாக்கு போர்த்தி இருந்தது. சக்கரமே கிடையாது. களிமண்ணைத் திரி திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி ஏற்றி, கையாலேயே வழித்து விடுகிறார். அப்புறம் முறுக்கின கயிற்றைக் கழுத்தில் உருட்டினால் கோலம் விழுகிறது. சுடுவதும் திறந்த வெளியில்தான், விறகும் காய்ந்த புல்லும் போட்டு. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் நெருப்பில் வெடித்துவிடும். அதனால்தான் என் கண் வானத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

ஜூலை 12

வீடு மாற அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன. பிரிக்கவில்லை.

ஜூலை 14

அக்காவின் கொழுந்தனார் வந்தார். கள்ளுக்குப் பானை எதற்கு, பிளாஸ்டிக் டிரம் போதுமாம், ஐம்பது பேருக்கு வேண்டியது கொள்ளுமாம். எனக்கு வந்த கோபத்தை அடக்கவே முடியவில்லை. அக்கா வீட்டார் புகுசுக்கள். லூயா மக்களில் இவர்களுக்கு இரட்டைப்படை ஆண்டு ஆகஸ்டில்தான் விருத்தசேதனம். பையன் மணியை அடித்துக்கொண்டு சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் அழைப்பான், விடியலில் ஆற்றுச் சேற்றைப் பூசிக்கொண்டு நடந்து வருவான். அன்றைக்குப் பெரியவர்களுக்கு புசா வைக்க வேண்டும். சோள மாவைப் புளிக்கவைத்து, வறுத்து, முளைகட்டின கேழ்வரகு சேர்த்துச் செய்கிற கள். பானையை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நீளக் குழலால் ஒரே பானையிலிருந்து உறிஞ்சுவார்கள். மனஸ்தாபம் உள்ளவர்களும் அந்த வட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும். டிரம்மிலிருந்து மொண்டு டம்ளரில் கொடுத்தால் அவனவன் டம்ளரோடு ஒரு மூலைக்குப் போய்விடுவான். இதை எப்படி அவருக்குச் சொல்வது?

ஜூலை 15

அக்கா சொன்னார், அவர் அம்மா வீட்டில் தண்ணீருக்கு ஒரு பானை, கீரைக்கு ஒன்று, கள்ளுக்கு ஒன்று. மாற்றி வைத்தால் திட்டு விழும். இன்று அந்த வீட்டில் எல்லாமே அலுமினியம்.

ஜூலை 17

மழை.

ஜூலை 18

இலேசிப் பெண்களுக்கு இப்போது காசு தருவது பூந்தொட்டியும் விறகடுப்புக்கு உள்ளே பதிக்கிற மண் உறையும்தான். அதில் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டாமா? ஆனாலும் நான் பார்த்தவரை கள்ளுப்பானை வனைகிறவர் பாட்டி ஒருவர்தான். மகள் தொட்டிதான் செய்கிறாள். ராத்திரி இதையே நினைத்துக்கொண்டு தூங்கவில்லை.

ஜூலை 20

காலையிலிருந்து வெயில்! அக்கா ஓடி வந்து சொன்னார், பாட்டி விறகு அடுக்க ஆரம்பித்துவிட்டாராம். சாமான் ஏற்ற லாரியும் இன்றைக்கே வருகிறது. பத்து மணிக்கு என்றார்கள், இன்னும் காணோம். ஓட்டுநருக்கு போன் போட்டு மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். தெற்கே மேகம்