என்னட்டைக் கேள்

கல்லூரி நாள்களில் மறக்கமுடியாத ஒரு பாடத்தைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டது. யோசித்துப் பார்த்தால், பாடத்துக்கு முன்னால் ஒரு பாட்டுத்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் மட்டப் பெடியளுக்குத் தலைப்பைக் கண்டவுடனே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

1981 நத்தாருக்கு, எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் தமையன் லண்டனிலிருந்து வந்தார். அவர் கொண்டுவந்த சாமான்களில் எங்கள் பங்குக்குக் கிடைத்தது ஒரேயொரு கசெற். வானொலியிலிருந்து பதிவு செய்தது. பாட்டுக்குப் பாட்டு இடையில் அறிவிப்பாளர் வாயைத் திறப்பார், பாதிச் சொல்லில் வெட்டுப்படும். மட்டையில் ஒரு பெயரும் எழுதியிருக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக அந்தப் பாட்டு. மெஷின் மேளம் ஒன்று தட்டத் தொடங்க, ஓர்கன் மாதிரி ஒரு வாத்தியம் துள்ளித் துள்ளி ஒரு மெட்டை வாசிக்கும். ஒருதரம் கேட்டால் காதை விட்டுப் போகாது. குளிக்கும் தொட்டியடியில் அதைச் சீழ்க்கையடிக்காத ஆள் விடுதியில் இருக்கவில்லை.

பாடுகிறவர் நடுநடுவே ஒரு பெயரைக் கூப்பிடுவார். எங்கள் காதில் அது ‘என்னட்டைக் கேள்’ என்றுதான் விழுந்தது. எதைக் கேட்டாலும் தனக்குத் தெரியும் என்கிற ஒருவன் எங்கள் கூட்டத்தில் இருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு அதுவே பெயர். இப்போது ரொறன்ரோவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டான், வட்ஸப் குழுவில் இன்னும் அதே பெயர்தான்.

பாட்டுக்குப் பொருள் சொன்னவனும் அவனே. எங்கள் ஆங்கிலத்துக்குப் பிடிபட்டவை மூன்று துண்டுகள்: நேற்று நீ வீட்டிலேயே நின்றிருக்கலாம், நேரம் எட்டேகால், நீ தந்த முத்தம் ஒருநாளும் அழியாது. “எட்டேகால் பஸ்ஸில வாற பெட்டையைப் பாத்துக்கொண்டு பெடியன் நிக்கிறான். அவள் வேற ஒருத்தனோட வந்து இறங்கிறாள்” என்று முடித்துவிட்டான். எங்களுக்கும் ஒரு எட்டேகால் பஸ் இருந்தது. ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து, பௌதிக வகுப்பு. அணுக்கருப் பிளவு பாடம். சேர் கரும்பலகையில் யுரேனியம் 235 என்று எழுதி, நியூத்திரன்களுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டே ஹிரோஷிமாவுக்கு வந்தார். 1945 ஓகஸ்ட் 6, காலை எட்டேகால். “குண்டுக்குச் செல்லப் பேர் லிட்டில் போய், சின்னப் பெடியன். கொண்டுபோன பிளேனுக்கு, ஓட்டினவர் தன்ர தாயின்ர பேரை வைச்சவர். இனோலா கே.”

பின்வாங்கில் முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும். “என்னட்டைக் கேள்!” சேர் சோக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். ஒரு லட்சத்துக்கு மேல் ஆள்கள் செத்த கதையில் என்ன சிரிப்பு என்று கேட்டார். உள்ளதைச் சொன்னோம். அடி விழும் என்றுதான் நினைத்தோம். “நாளைக்கு அந்தக் கசெற்றைக் கொண்டு வாங்கோ” என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் ஆய்வுகூடத்தில், பன்சன் சுடரடுப்புகளுக்கு நடுவில் கசெற் பிளேயரை வைத்தோம். சேர் மூன்று தரம் போடச் சொன்னார். நான் பென்சிலால் நாடாவைச் சுற்றிக் கொடுத்தேன், பற்றறி இறங்கிவிடும் என்ற பயம். மூன்றாம் தரம் முடிந்ததும், “மெட்டு கலியாண வீட்டு மெட்டு. சொல்லு செத்தவீட்டுச் சொல்லு” என்றார்.

பிறகு துண்டு துண்டாக விளக்கினார். நேரம் எப்போதும் எட்டேகாலாகவே இருக்கிறது என்று ஏன் பாடுகிறான்? அந்த ஊரில் பிறகு எடுத்த கைக்கடிகாரங்களில் முள் எட்டேகாலிலேயே நின்றிருந்தது. அழியாத முத்தம், உடம்பில் விழுந்த தழும்பு. நடுவில் ஒரு வானொலிச் செய்தி வரும்: எல்லாம் வழமைபோல், வீட்டுக்குத் திரும்புகிறீர்களாம். பிறகு ஒரு கேள்வி: சின்னப் பெடியனை நினைத்து இன்றைக்கு அம்மாவுக்குப் பெருமையா? அந்த வரிக்குச் சேர் விளக்கம் சொல்லவில்லை. கசெற்றை எடுத்து மட்டைக்குள் போட்டு என் கையில் தந்தார்.

அந்த வரிக்கு விளக்கம் எனக்கு 1990இல் கிடைத்தது. வளவுக்குள் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டிருந்தோம். பொம்பர் சுற்றத் தொடங்கினால் உள்ளே குந்துவோம். ஒருநாள் அது பதிந்து எழும்பிப் போன பிறகு, அம்மா வாசல் ஓட்டைக்குள்ளால் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவனையும் ஒருத்தி பெத்துத்தானே விட்டவள்.” அம்மாவுக்கு அந்தப் பாட்டும் தெரியாது, பாடினவனும் தெரியாது.

லண்டனுக்கு வந்த பிறகுதான் ‘இனோலா கே’ என்ற பாட்டின் பெயரை எழுத்தில் கண்டேன், பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில். குழுவின் பெயர் ஓர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், விர்ரல் பக்கத்துப் பையன்கள். எழுதியவர் அண்டி மக்கிளஸ்கி, பாட்டு வெளிவந்தபோது வயது 21, பழைய யுத்த விமானங்களில் பைத்தியம். இசைத்தட்டு வெளிவந்தது 1980 செப்டெம்பரில். பிரித்தானிய மண்ணில் அமெரிக்க ஏவுகணைகளை எந்த இடங்களில் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள் என்று அந்த வருடம்தான் அறிவித்திருந்தார்கள்; லண்டன் தெருக்களில் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலம். பிரித்தானியாவில் எட்டாம் இடம்வரை போனது, இத்தாலியில் முதலிடம். தலைப்பின் இரண்டாவது சொல்லைக் கண்டு, இது தற்பாலினரைப் பற்றிய பாட்டு என்று நினைத்தவர்களும் இங்கே இருந்தார்களாம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்படியென்றால், எங்கள் எட்டேகால் பஸ் ஒன்றும் பெரிய பிழையில்லை.

பாட்டில் பல்லவி கிடையாது. நாலே நாலு கோட்ஸ், அதாவது சுரக்கூட்டுகள், தொடக்கத்திலிருந்து முடிவுவரை சுற்றிச் சுற்றி வருகின்றன. பல்லவி வரவேண்டிய இடமெல்லாம் சொல்லே இல்லாத அந்தத் துள்ளல் மெட்டுத்தான் வருகிறது. கலியாண வீடு என்று சேர் சொன்னது அதைத்தான். சொல்லுக்கு வராத இடத்தில் மெட்டை விட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இன்னொன்றையும் சேருக்குச் சொல்ல ஆசை: மேளம் தட்டுகிற மெஷின் ரோலண்ட், மெட்டை வாசிக்கிற சின்தசைசர் கோர்க். இரண்டும் ஜப்பானில் செய்தவை.

விமானத்தின் கதையும் சுவையானது. குண்டு போட அதை ஓட்டிப்போன போல் டிபெற்ஸ் அந்தப் பெயரை எழுதுவித்தது பறப்புக்கு முதல்நாள்தான். வழமையாக அந்த விமானத்தை ஓட்டிவந்த றொபேட் லூயிஸ், கேளாமல் கொள்ளாமல் எழுதிவிட்டார்கள் என்று கோபப்பட்டாராம். ‘இனோலா’வின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து கூட்டினால் ‘தனியே’ என்ற சொல் வரும். இதைக் கண்டுபிடித்தபோது இரவு பதினொரு மணி. உடனே ரொறன்ரோவுக்கு எடுத்தேன். “அது எனக்கு எப்பவோ தெரியும்” என்றான் என்னட்டைக்கேள்.

போன வருட ஒன்றுகூடலுக்கு அவன் வந்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு 80களின் பாட்டுகள் போட்டார்கள். மூன்றாவதோ நாலாவதோ அந்த மெஷின் மேளம் தட்டத் தொடங்கியது. “வாடா, எட்டேகால் பஸ் வந்திட்டுது” என்று கையைப் பிடித்து இழுத்தான். முழங்கால் நோவோடு நானும் போய் ஆடினேன். எங்கள் மனைவிமாருக்கு இது என்ன கூத்து என்று விளங்கவில்லை. அம்மா வரி வருவதற்கு முன்னமே பாட்டை வெட்டிவிட்டு, ஒலிவாங்கியில் றஃபிள் இலக்கங்களை வாசிக்கத் தொடங்கினார்கள்.

“ஒருநாளும் முழுசாக் கேக்க விடமாட்டாங்கள்” என்றான்.